கல்லாவும் சாம்பார் வாளியும்

சர்வர் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் நெய் ரோஸ்ட் கொண்டு வருபவர்தான். 1964-ல் நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' காலத்திலிருந்து நமக்கு அதுதானே அர்த்தம்! பி.காம். முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போனபோதுதான், மேனேஜர் ரூம் மூலையில் 'உர்ர்ர்' என்று உறுமிக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டி, "இதான் சர்வர்" என்றார்கள். டிப்ஸ் கேட்காத சர்வர்!

அதில் 'காமன்' என்று ஒரு ஃபோல்டர். சம்பளப் பட்டியல், பர்ச்சேஸ் ஆர்டர், முதலாளி மகள் கல்யாண ஆல்பம்... எல்லாம் அதிலேயே. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். இருபது பேருக்கும் ஒரே யூஸர் நேம், ஒரே பாஸ்வேர்ட். அதையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருப்பார்கள்!

"ஏன் சார் இப்படி?" என்றேன், சிஸ்டம் பார்க்க வரும் ஆசாமியிடம்.

"ஆளாளுக்கு பர்மிஷன் குடுத்தா ஆளாளுக்கு போன் பண்றாங்க சார். 'எவ்ரிஒன்... ஃபுல் கண்ட்ரோல்'னு போட்டுட்டா எனக்கு நிம்மதி!"

2014-ல் ஒரு மாதம். ஏழாம் தேதி சம்பளம். ஆறாம் தேதி சாயங்காலம் பார்த்தால், லேத் செக்ஷனின் ஓவர்டைம் கணக்கு மாயம்! அந்த இடத்தில் போன மாதக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. யாரோ பழைய ஃபைலைப் புதியதன் மேலேயே சேவ் செய்துவிட்டார்கள்.

யார்? சர்வரைக் கேட்டால், அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு பெயர். ஆகவே பழி, வழக்கம் போல, இருப்பதிலேயே சின்னவன் தலையில் விழுந்தது. ஆவடியிலிருந்து ரயிலில் வரும் டேட்டா என்ட்ரி பையன். முந்தின நாள் ராத்திரி எட்டு மணி வரை ஆபீஸில் இருந்தானாம். அதுவே சாட்சி!

"அந்த ஃபைலை நான் தொடவே இல்ல சார்..."

"தொடலைன்னு நிரூபி!"

எப்படி நிரூபிப்பான்? தொட அவனுக்கு உரிமை இருந்ததே! பத்து நாள் பொறுத்தான். பதினோராம் நாள் வரவில்லை.

நம்ம ஊர் ஓட்டல்காரரைப் பாருங்கள். கல்லாவில் கை வைக்க ஒருவருக்குத்தான் உரிமை. நூறு ரூபாய் குறைந்தால், சாம்பார் வாளிப் பையனை யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்தப் பூட்டு கல்லாவை மட்டுமா காப்பாற்றுகிறது? வாளிக்காரன் மானத்தையும் சேர்த்துத்தான்!

பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக் கூடாது என்று ஆடிட்டிங் பேப்பரில் நானே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை இல்லை சார், அமெரிக்கா!) சால்ட்ஸர், ஷ்ரோடர் என்று இரண்டு பேர் 1975-லேயே கம்ப்யூட்டருக்கும் இதைச் சொல்லிவிட்டார்கள். வேலைக்கு எவ்வளவு உரிமை வேண்டுமோ அவ்வளவுதான்; அதற்கு மேல் கூடாது.

ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஆளுக்கொரு யூஸர் நேம். அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், சேல்ஸ் என்று தனித்தனி குரூப். உரிமையை குரூப்புக்குக் கொடுங்கள்; ஆள் மாறினால் குரூப்பிலிருந்து பெயரை எடுத்தால் போதும். படிக்க மட்டும் வேண்டியவருக்கு 'ரீட்', திருத்த வேண்டியவருக்கு 'மாடிஃபை'. ஃபுல் கண்ட்ரோல் என்பது அடுத்தவர் உரிமையையே மாற்றும் உரிமை. அது சிஸ்டம் ஆசாமியோடு நிற்கட்டும். எந்த ஃபைலை யார், எப்போது தொட்டார் என்று சர்வரே குறித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. நாம்தான் அதை ஆன் செய்ய வேண்டும். கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேர் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதியே வந்துவிட்டது.

சரி, அந்த ஃபைலைக் கெடுத்தது யார்? இன்றுவரை தெரியாது. நானாகவும் இருக்கலாம்! போன மாதப் பட்டியலை அன்று நானும்தான் திறந்து வைத்திருந்தேன். எனக்கும் ஃபுல் கண்ட்ரோல்தான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்கள் காமன் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் 'எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்' என்று இருந்தால், உங்கள் ஆபீஸிலும் ஒரு சாம்பார் வாளிப் பையன் மாட்டக் காத்திருக்கிறான். யார் என்று அக்கம்பக்கம் தேடாதீர்கள்...

நீங்களாகவே இருக்கலாம்!