கிராம்பும் மருந்துதான்

பல் மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனை பெரும்பாலும் கிராம்பினுடையது. கண்ணாடித் துண்டின் மேல் வெள்ளைத் தூளைக் கொட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அழுத்தித் தேய்த்துக் குழைத்து, குடைந்த பல்லில் தற்காலிகமாக அடைப்பார்கள். தூள், துத்தநாக ஆக்சைடு. எண்ணெய், கிராம்புத் தைலத்தின் பெரும்பகுதியாக இருக்கும் யூஜினால். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தக் கலவை பல் மருத்துவத்தில் இருக்கிறது. பல்லைப் பிடுங்குமுன் போடும் மரத்துப்போகும் ஊசிக்கும் மூதாதை ஓர் இலைதான்: கோகா இலையிலிருந்து எடுத்த கோகெய்ன் 1884-இல் சிகிச்சைக்கு வந்தது, அதன் தீங்குகளைக் கண்ட பிறகே மாற்றுகளைத் தேடி, 1943-இல் லிக்னோகெய்ன் வரை வந்து சேர்ந்தார்கள். ஆகவே ‘இங்கிலீஷ் மருந்தா, நாட்டு மருந்தா’ என்று நாம் போடும் சண்டைக்கு அந்த நாற்காலியில் இடமே இல்லை. பச்சிலையும் மருந்துதான். மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, வேண்டாத விளைவு உண்டு, இன்னொரு மருந்தோடு மோதலும் உண்டு. இதை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாததால்தான் நோயாளி அவதிப்படுகிறார்.

கிராம்பையே எடுத்துக்கொள்வோம். நடு இரவில் சொத்தைப் பல் தெறிக்கும்போது அதை அடக்கி வைத்துக் கடிப்பது மூடநம்பிக்கை அல்ல. குவைத்தில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ஈறில் தடவிய கிராம்பு, மருந்துக்கடை பென்சோகெய்ன் களிம்புக்கு இணையாக ஊசிக் குத்தின் வலியைக் குறைத்தது. ஆனால் கிராம்புத் தைலத்தை நேரடியாகப் பஞ்சில் நனைத்து மறுபடி மறுபடி வைத்தால் ஈறு வெந்துபோகும். சிறு குழந்தை சில மில்லி விழுங்கினாலே கல்லீரல் பாதிக்கப்படலாம். பல்லுக்குள் யூஜினால் மிச்சமிருந்தால், பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட் சரியாக இறுகாது. முதல் நாள் என்ன வைத்தோம் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான். ஆஸ்பிரின் மாத்திரையை விழுங்காமல் வலிக்கிற பல்லோரம் ஒதுக்கி வைப்பவர்களுக்கும் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தோல் உரிந்துவிடுகிறது. நசுக்கிய பூண்டும் அப்படியே சுடும். மரத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று ஈறு பார்ப்பதில்லை.

உண்மையான ஆபத்து இரத்தத்தில் இருக்கிறது. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால், பல் பிடுங்குமுன் உறைதலை அளக்கும் ‘ஐஎன்ஆர்’ பார்க்க வேண்டும் என்பது எந்தப் பல் மருத்துவருக்கும் தெரியும். அந்த மாத்திரையை நோயாளி தானாக நிறுத்துவதும் ஆபத்து. அதே நோயாளி பூண்டு கேப்ஸ்யூலோ ஜிங்கோ என்ற மூலிகையோ சாப்பிடுகிறாரா என்று கேட்பவர் குறைவு. அவை இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தளர்த்தக்கூடியவை. “ரசத்தில் போடும் பூண்டுக்கு இவ்வளவு பயமா?” என்று கேட்கலாம். ரசத்துக்குப் பயமில்லை, செறிவூட்டி அடைத்த கேப்ஸ்யூல் வேறு சங்கதி. இதற்கான சான்றுகளில் பல தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளே என்பதும் உண்மை. அதனால்தான் தடை போடச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன். மருத்துவச் சீட்டிலும் இதே மோதல் நடக்கிறது. பல் சீழுக்கு வழக்கமாக எழுதும் மெட்ரோனிடசோல், வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். வலிக்கு எழுதும் இபுப்ரோஃபென், இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கக்கூடும்.

“தலைமுறை தலைமுறையாகப் பார்த்த அனுபவம் பொய்யா?” என்பார்கள். அனுபவத்தை மதிக்கிறேன். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லைக் காத்தன. மிஸ்வாக் குச்சி பழக்கத்தில் உள்ள இடங்களில் அதை உலக சுகாதார நிறுவனமே 1986-இல் ஊக்குவித்தது. ஆனால் அனுபவத்தின் கண்ணுக்கு உடனே தெரிவது நன்றாகத் தெரியும், தாமதமாக வருவது தெரியாது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்லிலிருந்து புழு விழும் என்று நம்பினோம். சொத்தையில் புழுவே கிடையாது. இனிப்பையும் மாவையும் தின்னும் கிருமிகள் சுரக்கும் அமிலம்தான் பல்லை அரிக்கிறது. புகையில் வலி அடங்கியிருந்தாலும் சொத்தை அடங்காது. வேர் வரை போன சீழ் தாடைக்கடியில் இறங்கினால் மூச்சே அடைபடும். புகையிலை கலந்த பல்பொடியும் அனுபவத்தின் பேரில்தான் விற்றது. தேய்த்ததும் ஈறு மரத்ததைத் தெரிந்துகொண்டவர்களுக்கு, வாய்ப் புற்றுநோய் பல ஆண்டு கழித்து வந்தபோது காரணம் தெரியவில்லை. 1992-இல்தான் பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை கலப்பதை இந்திய அரசு தடை செய்தது.

இதில் எளிதில் திருத்தக்கூடியது ஒரு கேள்வி. “மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால், தினமும் சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் பொடி கலக்கிக் குடிக்கும் அம்மா, “இல்லீங்க டாக்டர்” என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. பொடி மாத்திரை இல்லையே. ஆனால் சர்க்கரையைக் குறைக்கும் பொடியைக் குடித்துவிட்டு, பல் எடுக்கப் போகிறோம் என்று காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால், நாற்காலியிலேயே அவருக்குத் தலை சுற்றலாம். “பொடி, லேகியம், கஷாயம், தைலம், வீட்டு வைத்தியம் ஏதாவது உண்டாம்மா?” என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் சொன்னதும் முகம் சுளிக்காமல், எவ்வளவு, எத்தனை நாளாக என்றும் கேட்டு, மற்ற மருந்துகளோடு அதே சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.