மலைவாயில் விரிந்த நிலம்



லடாக் போய் வருகிற வாசகர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பயணக் குறிப்புகளையும் படங்களையும் ஆசையோடு பார்க்கிறேன். ஏரிகள் இருக்கின்றன, மடாலயங்கள் இருக்கின்றன, மூச்சு வாங்கும் கணவாய்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் பாதிக்கு மேல் பின்புலத்தில் ஒரு நிலவடிவம் நிற்கிறது. அதைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரி எழுதவில்லை. எனக்கு மிகவும் பிடித்த நிலவடிவம் அது. அதனால் இந்த மாதப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

மொட்டை மலை ஒன்று. அதைப் பிளந்துகொண்டு இறங்கும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கின் வாயிலிருந்து சிந்து நதியை நோக்கி, அரைவட்டமாக விரிந்து சரியும் கல்லும் மண்ணுமான பெரிய மேடு. மேடு என்று காலுக்குத் தெரியாது, அவ்வளவு சீரான சரிவு. பனி உருகிய நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்ட இடங்களில் பார்லி வயலும் பாப்லர் மரங்களுமாகப் பச்சை. மற்ற இடமெல்லாம் கல். லடாக்கின் பல ஊர்கள் இப்படிப்பட்ட நிலத்தில்தான் இருக்கின்றன, லே நகரம் உட்பட. இதற்கு வண்டல் விசிறி என்று பெயர்.

இந்த வடிவத்தை முதன்முதலில் கவனமாக விவரித்தவர்களில் ஒருவர் லடாக்கிலேயே வேலை பார்த்தவர் என்பது நமக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. பிரெடரிக் ட்ரூ என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1862-ல் காஷ்மீர் மகாராஜா ரண்பீர் சிங்கிடம் பணிக்குச் சேர்ந்தார். முதலில் கனிமம் தேடினார், பிறகு வனத்துறையைப் பார்த்தார், கடைசியில் லடாக்கின் ஆளுநராகவும் இருந்தார். மேல் சிந்துப் பள்ளத்தாக்கின் வண்டல் படிவுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1873-ல் லண்டன் நிலவியல் கழகத்தின் இதழில் வந்தது. உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் விசிறிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கும்போது இன்றும் அந்தக் கட்டுரையின் பெயர் வருகிறது.

விசிறி எப்படி உண்டாகிறது? மலைக்குள் இருக்கும்வரை ஓடைக்கு இரண்டு பக்கமும் பாறைச் சுவர். தண்ணீர் ஒடுங்கி, ஆழமாக, வேகமாக ஓடுகிறது. ஆளுயரப் பாறையைக்கூட உருட்டிக்கொண்டு வரும் பலம் அதற்கு இருக்கிறது. வாயைத் தாண்டியதும் சுவர் இல்லை. தண்ணீர் பரவுகிறது, ஆழம் குறைகிறது, ஒரு பகுதி கல்லிடுக்குகளில் இறங்கி மறைகிறது. சுமக்கும் பலம் போய்விடுகிறது. பெரிய கற்கள் வாயருகே விழுகின்றன, சரளை சற்றுத் தள்ளி, மணலும் சேறும் விளிம்பில். மலைவாயில் சரிவு திடீரென்று குறைவதுதான் காரணம் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். பல விசிறிகளில் வாய்க்கு மேலும் கீழும் சரிவு ஏறக்குறைய ஒன்றேதான். கரை இல்லாமல் போவதுதான் முக்கியக் காரணம்.

ஓடை தான் கொட்டிய கல்லாலேயே தன் தடத்தை அடைத்துக்கொள்கிறது. அடுத்த வெள்ளம் பக்கத்தில் தாழ்ந்திருக்கும் இடத்தைத் தேடிப் பாய்கிறது. அதுவும் நிரம்பினால் இன்னொரு பக்கம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று முழு அரைவட்டத்தையும் தொட்டு வந்துவிடுகிறது. மாறாமல் இருப்பது மலைவாய் மட்டுமே. ஆகவே விசிறியின் மேல் உலர்ந்த தடம் ஒன்றைப் பார்த்தால் அது செத்துப்போன ஓடை என்று எண்ணிவிடக் கூடாது.

தண்ணீர் மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை. கல்லும் சேறும் நீரும் கலந்து கான்கிரீட் கலவை போல இறங்கும் பெருக்கும் உண்டு. 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் இறங்கியது அந்த வகைப் பெருக்குதான். அந்தக் கலவையில் பாறைகள் அடியில் உருள்வதில்லை, கலவைக்குள் மிதந்தபடி வருகின்றன. நிற்கும்போது அப்படியே உறைந்து நிற்கின்றன. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய பாறைகளைப் படிக்கும்போது இது வேண்டியிருக்கும்.

லேயின் ஆண்டு மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். அந்த ஊரில் 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி மேகம் வெடித்தது. லேயிலும் பக்கத்தில் சோக்லம்சரிலும் சேறும் பாறையும் வீடுகளுக்குள் புகுந்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதுவரை நடக்காத அதிசயம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். விசிறியின் பக்கத்தை வெட்டிய சாலையோரத்தில் நின்று பார்த்தால் அப்படி எழுதத் தோன்றாது. அங்கே கல்லடுக்கு, சேற்றடுக்கு, மறுபடி கல்லடுக்கு என்று மேலிருந்து கீழ்வரை அதே நிகழ்ச்சி பலமுறை எழுதப்பட்டிருக்கிறது.

வெனிசுவேலாவில் 1999 டிசம்பர் நடுவில் இதுவே பல மடங்காக நடந்தது. கடற்கரையை ஒட்டிய வர்காஸ் பகுதியில் காராபயேதா என்ற நகரம் ஒரு விசிறியின் மேல் கட்டப்பட்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய பெருக்கு அடுக்குமாடிக் கட்டடங்களைக் கிழித்துக்கொண்டு போனது. அந்தக் கரையோரத்தில் பல ஆயிரம் பேர் மாண்டார்கள். பிறகு ஆய்வாளர்கள் போய் ஓடைக்கரைகளின் வெட்டுமுகங்களைப் பார்த்தபோது, நகரத்தின் அடியிலேயே முன்னைய பெருக்குகளின் அடுக்குகள் இருந்தன. நிலம் முன்பே சொல்லியிருந்தது. கேட்பதற்கு ஆளில்லை.

விசிறி கெட்ட நிலம் என்று சொல்ல வரவில்லை. அதன் கல்லடுக்குகளுக்குள் நல்ல தண்ணீர் தேங்குகிறது. ஈரானில் கனாத் என்ற நிலத்தடி வாய்க்கால்களின் தாய்க்கிணற்றை மலையடிவார விசிறிகளில்தான் தோண்டினார்கள், அந்த நீரை நம்பிப் பாலைவனத்தில் ஊர்கள் வாழ்ந்தன.

கோசி நதியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நேபாள மலைகளை விட்டு பீகார் சமவெளிக்குள் இறங்கும் அது, சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெருவிசிறியை விரித்திருக்கிறது. இது பெரும்பாலும் மணலும் வண்டலும், சரிவும் மிகக் குறைவு. ஆகவே லடாக் விசிறிகளோடு இதை ஒரே வகையில் சேர்க்கலாமா என்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் குணம் ஒன்றுதான். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த நதி 100 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்தது. பிறகு இரு கரையிலும் அணை கட்டி அடைத்தார்கள். 2008 ஆகஸ்ட் 18 அன்று குசஹா என்ற இடத்தில் கரையை உடைத்துக்கொண்டு கிழக்கே பழைய தடங்களுக்குத் திரும்பியது. சுமார் 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள்.

இதுவரை சொன்னது கண்முன் இருக்கும் விசிறிகள். மலையே தேய்ந்து போய், விசிறி புதைந்து, கல்லாக இறுகி, சாய்ந்து, மறுபடி வெளியே தலைகாட்டும்போது அதை எப்படி அடையாளம் காண்பது? என் மனத்தை ஈர்ப்பது இந்தக் கேள்விதான்.

சஹாரன்பூரிலிருந்து டேராடூன் போகும் சாலை மோஹண்ட் அருகே சிவாலிக் குன்றுகளை ஊடுருவிப் போகிறது. தெற்கிலிருந்து நுழையும்போது முதலில் சாம்பல் நிற மணற்கல். வடக்கே போகப் போக மணற்கல்லுக்கிடையில் கூழாங்கற்கள் தலைகாட்டுகின்றன. பிறகு முழுக்க முழுக்கக் கூழாங்கல் இறுகிய திரள்பாறை. அடுக்குகள் வடக்கே சாய்ந்திருப்பதால், வடக்கே போகப் போக நாம் பார்ப்பது மேலும் மேலும் இளைய பாறை. ஏறத்தாழ 1.8 கோடி ஆண்டுகளுக்கு முன் படியத் தொடங்கிய சிவாலிக் படிவுகளின் கடைசி அத்தியாயம் இந்தத் திரள்பாறை. கீழே மணல், மேலே கல். எழும்பிக்கொண்டே வந்த இமயத்தின் விளிம்பு தெற்கே நெருங்கி வந்தது என்பதைத்தான் அந்த வரிசை சொல்கிறது. தொலைவில் மலை இருந்தவரை ஆறுகள் மணலைக் கொண்டு வந்தன. மலை அருகே வந்ததும் விசிறிகள் கல்லைக் கொட்டின. அந்தக் குன்றுகளுக்கு அப்பால், டேராடூன் பள்ளத்தாக்கிலேயே, சாய்ந்த திரள்பாறையின் மேல் புதிய விசிறிகள் படிந்திருக்கின்றன. பழையதும் புதியதும் ஒரே இடத்தில்.

அந்தத் திரள்பாறையின் முன் நின்று ஓரிரு சதுர மீட்டரை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். வெளிறிய குவார்ட்சைட் கற்கள் நிறைய இருக்கும். பின்னால் இருக்கும் இமய வரிசைகளிலிருந்து வந்தவை அவை. ஒரு அடுக்கில் கல்லைக் கல் தொட்டுக்கொண்டிருக்கும், தட்டையான கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நீர் வந்த திசை நோக்கிச் சரிந்திருக்கும். அது ஓடும் நீர் அடுக்கியது. நீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை அந்தச் சாய்விலிருந்தே சொல்லிவிடலாம். கற்கள் ஒன்றையொன்று தொடாமல் சேற்றுக்குள் மிதப்பது போல நின்றால், பெரியதும் சிறியதும் வரிசையின்றிக் கலந்து கிடந்தால், அது சேற்றுப் பெருக்கு வந்து உறைந்த அடுக்கு. பழைய விசிறிப் பாறைகளில் இவை இரண்டும் மாறி மாறி வரும்.

இவற்றோடு வேறு சாட்சிகளும் சேர வேண்டும். குறுகிய தூரத்துக்குள் கல்லின் அளவு மளமளவென்று குறைய வேண்டும். நீரோட்டத் திசைகள் ஒரு புள்ளியிலிருந்து பல பக்கமும் விரிய வேண்டும். ஒரு பக்கம் மிகத் தடித்து மறுபக்கம் மெலியும் ஆப்பு வடிவம் இருக்க வேண்டும், தடித்த பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பிளவுக்கோடு இருக்கும். காற்றுப்பட்டுத் துருவேறிய சிவப்பு நிறம், பழைய மண்ணில் உருவான சுக்கான்கல் முடிச்சுகள், மிக அரிதான புதைபடிவங்கள் ஆகியவையும் துணை நிற்கும். ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதினால் ஏமாந்து போவோம். பனியாறும் பெரியதும் சிறியதுமாகக் கலந்த கல்லைத்தான் கொட்டுகிறது. ஒடிசாவின் தால்ச்சிர் பாறைகளில் அப்படிக் கிடந்த பெருங்கற்களை 1856-ல் நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் ஆராய்ந்து, அது பனிக்கட்டியின் வேலை என்று சொன்னார்கள். வெயில் காயும் இந்தியாவில் பனியா என்று அன்று பலரும் நம்பவில்லை. பின்னர் இராய் என்ற இடத்தில் அதே வகைப் படிவின் அடியில் பனி உரசிய கீறல்கள் கொண்ட பாறைத்தளம் கிடைத்தது. கீறல் இருந்தால் பனி, இல்லாவிட்டால் விசிறி என்று அவ்வளவு எளிதாக முடியாது என்றாலும், அந்தக் கீறல்கள் வலுவான சாட்சி.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பூட்டுவது கற்களின் வரிசை. மலை தேயும்போது முதலில் போவது அதன் மேலடுக்கு. அந்தக் கற்கள்தான் விசிறியின் அடியில் போய்ச் சேர்கின்றன. பிறகு நடு அடுக்கு, கடைசியில் மலையின் ஆழத்தில் இருந்த பாறை. ஆகவே மலையில் மேலே இருந்தது விசிறியில் கீழே இருக்கிறது. மலை முற்றிலும் அழிந்துபோன பிறகும், அதன் உச்சியில் என்ன பாறை இருந்தது, அதற்குள் என்ன இருந்தது என்று விசிறியைத் தலைகீழாகப் படித்துச் சொல்லிவிட முடியும். நார்வேயின் ஹோர்னெலன் படுகையில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையான படிவுகள், ஒவ்வொன்றும் 100 மீட்டர் அளவுள்ள படிகளாக, மொத்தம் சுமார் 25 கிலோமீட்டர் தடிப்புக்குச் சேர்ந்திருக்கின்றன. அதன் ஓரங்களில் விசிறிப் பாறைகள். அவற்றுக்குக் கல் தந்த மலைத்தொடரின் உயரம் இன்று இல்லை.

இதே படிப்பு பூமிக்கு வெளியிலும் உதவியது. 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் கேல் பள்ளத்தில், ஒரு பழைய விசிறியின் கீழ்விளிம்புக்கு அருகே இறங்கியது. சில வாரங்களுக்குள் அது அனுப்பிய படங்களில் உடைந்த கான்கிரீட் பாளம் போன்ற பாறை, அதில் 2 முதல் 40 மில்லிமீட்டர் வரையிலான உருண்ட கூழாங்கற்கள். இவ்வளவு பெரிய கல்லைக் காற்று தூக்க முடியாது, உருண்டிருப்பதால் தூரத்திலிருந்து நீரில் புரண்டு வந்திருக்க வேண்டும். ரெபெக்கா வில்லியம்ஸ் முதலானோர் 2013-ல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே ஓடிய நீரின் ஆழம் 3 முதல் 90 சென்டிமீட்டர், வேகம் வினாடிக்கு 20 முதல் 75 சென்டிமீட்டர். நம் ஊர் வாய்க்காலில் கால் நனைத்தவர்களுக்குத் தெரிந்த வேகம்தான் அது.

மலைப்பயணம் போகும் வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். சாலையோர வெட்டுமுகத்தில் திரள்பாறை தென்பட்டால் கல்லைப் பெயர்க்காதீர்கள், கல் இருக்கும் இடமும் சாய்வும்தான் அதன் செய்தி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் லடாக்கிலோ இமாசலத்திலோ தங்கும்போது, மலைவாய்க்குக் கீழே உலர்ந்து கிடக்கும் ஓடைத்தடம் எவ்வளவு அழகாக, சமமாக இருந்தாலும், இரவில் அங்கே கூடாரம் அடிக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்