‘செக்பேட்ச் சொன்னது’ என்பது ஒரு பதில் இல்லை

லினக்ஸ் கெர்னலுக்கு நான் அனுப்பிய முதல் பேட்ச், ஒரே ஒரு வரி மாற்றம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. ரொறன்ரோவில் பனி கொட்டிய ஒரு வார இறுதி. அம்மா இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டும் போகாமல் அறைக்குள்ளேயே இருந்து அதை அனுப்பினேன். அனுப்பிய கையோடு வட்ஸ்அப்பில் மச்சான்மார் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னேன்: “என்ர கோட் லினக்ஸுக்குள்ள போகப்போகுது!” அது யாரும் இப்போது வாங்காத ஒரு பழைய கார்டின் டிரைவர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த நாள் பதில் வந்தது. அந்த டிரைவருக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் இரண்டே இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். இந்த ஹார்ட்வேர் உங்களிடம் இருக்கிறதா? லாக் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறார்களா?

இரண்டுக்குமே எனக்குப் பதில் தெரியாது. “செக்பேட்ச் அப்படி மாற்றச் சொன்னது” என்று எழுதிவிட்டேன். இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது.

உங்களில் பலர் கம்பியூட்டர் சயன்ஸ் படிக்கிறீர்கள். ஓப்பன் சோர்ஸுக்குள் எப்படி நுழைவது என்று கேட்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் ஆலோசனை, “கோடிங் ஸ்டைலைத் திருத்தி ஒரு பேட்ச் அனுப்பு” என்பதுதான். அது பாதி நல்ல ஆலோசனை. மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

ஸ்டைல் சின்ன விஷயம் இல்லை

லினக்ஸ் கெர்னல் இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது தொடங்கியது. இன்று ஆயிரக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள். ஆளுக்கொரு விதமாக எழுதினால் யாராலும் வாசிக்க முடியாது. அதனால் கெர்னலுக்குள்ளேயே கோடிங் ஸ்டைல் பற்றி ஒரு ஆவணம் இருக்கிறது. ஒரு டேப் என்றால் 8 இடம். மூன்று படிக்கு மேல் உள்ளே தள்ளிப் போனால் உன் ஃபங்ஷனையே திருத்து. இப்படிப் பல விதிகள்.

முதல் தரம் வாசித்தபோது வயதானவர்களின் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருப்பது விளங்கியது. உதாரணத்துக்கு, வரி நீளமாகிவிட்டால் உடைக்கச் சொல்கிறார்கள். ஆனால் திரையில் வரும் பிழைச் செய்தியை மட்டும் நடுவில் உடைக்கக் கூடாது. ஏன்? நடுச்சாமத்தில் ஒரு சேர்வர் விழுந்து, அந்தச் செய்தியை அப்படியே வெட்டி ஒட்டி ஒருவர் கோடுக்குள் தேடுவார். இரண்டு வரியாக உடைத்திருந்தால் தேடல் வெறுங்கையோடு திரும்பும்.

ஸ்டைல் ஏமாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு 2014 பெப்ரவரியைப் பாருங்கள். ஆப்பிளின் ஐஃபோன்களிலும் மாக்குகளிலும், பாதுகாப்பான இணைப்பைச் சோதிக்கும் கோடில் ஒரு பிழை வெளியில் வந்தது. ‘கோ-டு ஃபெயில்’ என்ற வரி தவறுதலாக அடுத்தடுத்து இரண்டு தரம் இருந்தது. மேலே இருந்த ‘இஃப்’ நிபந்தனைக்குச் சுருள் அடைப்புக்குறி இல்லை. அதனால் முதல் வரி மட்டும்தான் நிபந்தனைக்குள். இரண்டாவது வரி எப்போதும் ஓடும். ஆனால் அதுவும் அதே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால், பார்க்கிற கண்ணுக்கு நிபந்தனைக்குள் இருப்பது போலவே தெரிந்தது. விளைவு, எதிர்ப்பக்கம் உண்மையான சேர்வர்தானா என்று கையொப்பத்தைப் பார்க்கும் கடைசிச் சோதனையே நடக்காமல், “எல்லாம் சரி” என்று பதில் போனது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரே ஒரு வரி என்றால் அடைப்புக்குறி போடாதே என்றுதான் லினக்ஸ் ஸ்டைலும் சொல்கிறது. ஆகவே “அடைப்புக்குறி போட்டால் நல்ல கோட், போடாவிட்டால் கெட்ட கோட்” என்று முடித்துவிட முடியாது. 2016இல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், உள்தள்ளல் கண்ணை ஏமாற்றும் இடங்களுக்கு எச்சரிக்கை தரத் தொடங்கியது. அடைப்புக்குறி இருக்கிறதா இல்லையா என்பதை விட, கோட் செய்வதும் கண்ணுக்குத் தெரிவதும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

பிறகு ஏன் மெயின்டெய்னர்களுக்குக் கோபம் வருகிறது?

செக்பேட்ச் என்பது கெர்னலோடு வரும் ஒரு பேர்ள் ஸ்கிரிப்ட். கோடைக் கொடுத்தால் ஸ்டைல் பிழைகளைப் பட்டியல் போடும். நீங்கள் புதிதாக எழுதியதை அனுப்ப முன்னர் சோதிப்பதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் என்னைப் போன்ற புதியவர்கள் அதைப் பழைய ஃபைல்களின் மேல் ஓடவிட்டு, வரும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் ‘திருத்தி’ அனுப்புகிறோம்.

அதற்கு ஒரு விலை இருக்கிறது. முதலாவது, வரலாறு மறைகிறது. ஒரு வரி ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிய, அதைக் கடைசியாக யார், எதற்காகத் தொட்டார்கள் என்று கிட் பிளேமில் பார்ப்போம். பத்து வருடத்துக்கு முன் ஒருவர் மூன்று நாள் மண்டையை உடைத்துத் திருத்திய வரியில், “ஸ்பேஸை டேப் ஆக்கினேன்” என்று என் பெயர் வந்து நிற்கும். இப்படியான மாற்றங்களைத் தாண்டிப் பார்க்க கிட்டில் வழிகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு தரமும் அந்தத் தாண்டல் ஒரு வேலைதான்.

இரண்டாவது, பழைய பதிப்புகள். பாதுகாப்பு ஓட்டை ஒன்றைப் புதிய கெர்னலில் அடைத்தால், அதே திருத்தத்தை வருடக்கணக்கில் பராமரிக்கப்படும் பழைய பதிப்புகளுக்கும் கொண்டுபோக வேண்டும். நடுவில் யாரோ அந்த இடத்தை அழகுபடுத்தியிருந்தால் பேட்ச் ஒட்டாது. ஒருவர் உட்கார்ந்து கையால் பொருத்த வேண்டும். அப்போது புதிய பிழையும் நுழையலாம். ஸ்டைலுக்காக மட்டும் ஸ்டைலைத் திருத்தாதீர்கள், வேறு வேலைக்காக அந்த இடத்தைத் தொடும்போது திருத்துங்கள் என்று கெர்னலின் வழிகாட்டி ஆவணமே சொல்வது இதனால்தான்.

மூன்றாவதை நமக்கு விளக்கவே தேவையில்லை. ஒரு கொண்டாட்டத்தில் உங்கள் புரொஜெக்ட் பற்றித் தமிழில் கஷ்டப்பட்டுப் பத்து நிமிடம் சொல்கிறீர்கள். எல்லாம் கேட்ட மாமா, “எங்க, வாழைப்பழம் எண்டு சொல்லு பாப்பம்” என்கிறார். உங்கள் ‘ழ’ சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் நீங்கள் சொன்ன எதையும் கேட்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். வாசிக்காமல் அனுப்பும் ஸ்டைல் பேட்ச், மெயின்டெய்னருக்கு அந்த மாமா மாதிரித்தான்.

என் ஒரு வரி

இனி என் கதை. அந்த டிரைவரில் ‘யூடிலே’ என்ற ஒரு ஃபங்ஷன் இருந்தது. சில மைக்ரோ விநாடிகள் காத்திருக்கச் சொல்லும். காத்திருக்கும் நேரம் முழுக்க பிராசஸர் வேறு வேலை எதுவும் செய்யாமல் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ‘யூஸ்லீப் ரேஞ்ச்’ என்று இன்னொன்று உண்டு. அதில் அந்த வேலை நித்திரைக்குப் போய், பிராசஸரை மற்றவர்களுக்குக் கொடுக்கும். இதுதான் நல்லது என்று செக்பேட்ச் சொன்னது. மாற்றினேன். கம்பைல் ஆனது. அனுப்பினேன்.

மெயின்டெய்னரின் கேள்விக்குப் பிறகுதான் அந்த ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடினேன். ஒரு படி மேலே போனேன், ஒன்றுமில்லை. இன்னொரு படி. மூன்றாவது படியில் ஒரு ஸ்பின்லாக் பிடிக்கப்பட்டிருந்தது.

ஸ்பின்லாக் பிடித்துக்கொண்டு நித்திரை கொள்ளவே கூடாது. ஒரே ஒரு பாத்ரூம் உள்ள வீட்டில், ஒருவர் உள்ளே பூட்டிக்கொண்டு நித்திரையாகிவிட்டால் எப்படி இருக்கும்? வெளியில் நிற்பவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பார்கள். கெர்னலில் அப்படி நடந்தால் முழு மெஷினும் உறைந்து போகலாம். நான் ‘ஸ்டைல் திருத்தம்’ என்று தலைப்புப் போட்டு அனுப்பியது உண்மையில் ஒரு பிழை. செக்பேட்ச்சைக் குறை சொல்ல முடியாது. அது வரியைப் பார்க்கிறது. மூன்று படி மேலே இருக்கும் லாக்கை அது பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது என் வேலை.

அப்படியானால் கூட்டித் துடைக்கவே வேண்டாமா?

வேண்டும். ஆனால் வாசித்துவிட்டு. அதற்கு நல்ல உதாரணம் ‘ஃபால்த்ரூ’ வேலை. சி மொழியில் ‘ஸ்விட்ச்’ எழுதும்போது ஒரு ‘கேஸ்’ முடிவில் ‘பிரேக்’ போடாவிட்டால் அடுத்த கேஸுக்குள் வழுக்கி விழும். சில இடங்களில் வேண்டுமென்றே அப்படி எழுதுவார்கள். சில இடங்களில் மறந்துபோயிருப்பார்கள். கோடைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. கெர்னலில் சிலர் பல வருடமாக இப்படியான இடங்களை ஒவ்வொன்றாக வாசித்து, “இது வேண்டுமென்றே செய்தது” என்று குறித்தார்கள், அல்லது விடுபட்ட ‘பிரேக்’கைப் போட்டார்கள். 2019இல் வந்த லினக்ஸ் 5.3இலிருந்து அந்த எச்சரிக்கை கெர்னல் முழுவதற்கும் இயக்கப்பட்டது. வழியில் உண்மையான பிழைகளும் அகப்பட்டன. இதுவும் துப்புரவு வேலைதான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மனிதர் நின்று யோசித்திருக்கிறார்.

“எல்லாவற்றையும் ஒரு டூலால் ஒரே நாளில் ஒழுங்காக்கினால் என்ன?” என்று கேட்பீர்கள். கோ மொழிக்கு அப்படி ஒரு டூல் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதனால் அங்கே சண்டையே இல்லை. கெர்னலுக்குள் 2022 டிசம்பரில், 6.1 பதிப்போடு வந்த ரஸ்ட் கோடும் முதல் நாளிலிருந்தே டூலால் ஒழுங்காக்கப்படுகிறது. புதிய வீட்டுக்கு அது சரி. முப்பது வருடம் ஆட்கள் வாழ்ந்த வீட்டில் ஒரே நாளில் எல்லாச் சாமானையும் இடம் மாற்றினால், அடுத்த நாள் யாருக்கும் எதுவும் அகப்படாது.

ஆகவே நுழைய விரும்புபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ‘ஸ்டேஜிங்’ என்ற ஃபோல்டரில் தொடங்குங்கள். இன்னும் தயாராகாத டிரைவர்களுக்காக 2008இல் திறந்த இடம் அது. அங்கே துப்புரவு பேட்ச்களை வரவேற்கிறார்கள். செய்ய வேண்டியவற்றின் பட்டியலும் அங்கேயே இருக்கும். ஒரு பேட்ச்சில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஸ்டைலையும் கோடின் வேலையையும் ஒன்றாக மாற்றாதீர்கள். வெப்பில் திறக்கும் ஜிமெயிலால் அனுப்பாதீர்கள், அது டேப்பை ஸ்பேஸாக்கி உங்கள் பேட்ச்சைக் கெடுத்துவிடும். அனுப்ப முன்னர் அந்த ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தரம் மேலே ஏறிப் பாருங்கள். நாலைந்து பேட்ச்சுக்குப் பிறகு ஸ்டைலை விட்டுவிட்டு ஒரு உண்மையான பிழையைத் தேடுங்கள். இத்தனை ஃபங்ஷன்களை வாசித்த பிறகு, அது நீங்கள் நினைப்பதை விடச் சுலபமாக இருக்கும்.

என் முதல் பேட்ச் போகவில்லை. மச்சான்மாருக்கு அதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் எடுத்தது. இரண்டாவது பேட்ச்சை அதே இடத்துக்கு அனுப்பினேன். யூடிலேயைத் தொடவில்லை. அதற்கு மேல் ஒரு வரி கொமென்ட் மட்டும்: இங்கே லாக் பிடிக்கப்பட்டிருக்கிறது, நித்திரை கொள்ள முடியாது. அந்த மெயின்டெய்னர் மறுபேச்சில்லாமல் அதை ஏற்றுக்கொண்டார். அடுத்ததாகச் செக்பேட்ச்சை ஓடவிட்டு அந்த இடத்துக்கு வரும் பிள்ளை, என்னைப் போல அவசரப்படாமல் அந்த வரியை ஒருக்கால் வாசிக்கும்.