பாட்டுக்கு முன் ஒரு சொல்

கூடங்குளத்தை அடுத்த ஊரொன்றின் பள்ளி இசைவிழாவுக்கு அண்மையில் சென்றிருந்தோம். பிள்ளைகள் இனிமையாகவே பாடினர். ஆயின், ஒவ்வொரு பாட்டுக்கும் முன் மேடையேறிய மாணவன் 'நெக்ஸ்ட் ஐட்டம்' என்று தொடங்கிப் பாடுவோர் பெயரை ஆங்கிலத்தில் ஒப்பித்து இறங்கினான். பாட்டை யாத்தவர் யார், யார் யாருக்குச் சொல்வது, என்ன பண் என எதுவும், வலை வலிக்கும் தந்தையரும் பீடி சுற்றும் தாய்மாருமாய் நிறைந்திருந்த அவ்வவைக்கு விளங்கவில்லை.

அணுமின் நிலையத்தால் பன்மொழியாளர் வந்து வாழும் பகுதியாதலின் ஆங்கிலம் வேண்டும் என்றனர் சிலர். வேண்டுமாயின் அதனைப் பின்னர்ச் சொல்லுக. பெற்றவர்க்கு முன்னர்ச் சொல்லுக.

அம்மாணவனை நாம் நோவதற்கில்லை. அவன் கையிலிருந்த தாளை எழுதித் தந்தவர் ஓர் ஆசிரியர். நாமும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே எழுதித் தந்தோம். நாம் தந்தது தூய தமிழ். எனினும் பிள்ளைகள் அதனையும் நெட்டுருவே போட்டனர். பொருளறியாது ஒப்பித்தலில் இருவர் மாணவர்க்கும் வேற்றுமை இல்லை. இப்பிழையை நாம் மறைத்தல் முறையன்று.

பாட்டுக்குக் குறிப்புரை கூறுதல் தமிழர்க்குப் புதிதன்று. குறுந்தொகைப் பாட்டுகளின் அடியில், இன்னார் இன்னார்க்கு இன்ன பொழுதில் கூறியது என்னும் குறிப்புகள் உள. பரிபாடலிலோ, பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும், பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணின் பெயரும் குறிக்கப்பெற்றுள. இவற்றினும் சிறந்த முன்மாதிரி வேறு எங்கே தேடுவது?

நெல்லைப் பிள்ளைக்கு எழுதப் பொருளும் குறைவில்லை. விழாத்தோறும் முதலில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தையே கொள்வோம். அது 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் என்னும் நாடகத்தின் முகப்பு வாழ்த்து; 1970-இல் அரசு ஏற்றது; 2021-இல் மாநிலப் பாடலாக அறிவித்தது. யாத்த சுந்தரனார் நெல்லையில் ஆசிரியப் பணி புரிந்தவர். அவர் பெயரால் 1990 முதல் இங்குப் பல்கலைக்கழகமும் இயங்குகின்றது. பாடும் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

சென்னிகுளம் அண்ணாமலையாரின் காவடிச் சிந்தைப் பாடுவோன், கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடப்பவரின் அடிவைப்பு அம்மெட்டில் கேட்பதைச் சொல்லலாம். கடற்கரைப் பிள்ளையாயின், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பாட்டனாரிடம் கேட்டெழுதலாம். அதற்குப் பாடநூல் உதவாது. பாட்டனார் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.

தமிழாசிரியர்கட்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவில் முன்னுரையை நீங்கள் எழுதாதீர்கள். பாடுகின்ற பிள்ளையே ஐந்து வரி எழுதட்டும்: யாத்தவர் யார், யார் கூற்று, என்ன பண், அருஞ்சொல் எது, தான் அதனைத் தேர்ந்தது ஏன். வீட்டில் வழங்கும் நெல்லைச் சொல் அதில் வந்தால் அடிக்க வேண்டா, அதுவும் தமிழே. ஒற்றுப்பிழையை மட்டும் திருத்துங்கள். மேடையில் அவன் தடுமாறினும் தடுமாறுக. தான் அறிந்ததைத் தன் சொல்லால் ஒருமுறை அவையில் சொன்ன பிள்ளை, பின் எவ்வவையிலும் தன் மொழிக்கு நாணான்.