லைக்காவின் சில்லு

இளைப்பாறிய ஆசிரிய நண்பரொருவர் சென்ற மாதம் எம் இல்லம் வந்தார். கையிலே தோலுறை, முகத்திலே பூரிப்பு. இளைப்பாற்றுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துப் பழைய லைக்கா கமரா ஒன்றை வாங்கியிருந்தார். பொன்முலாம் பூசிய அதன் மேற்றகட்டிலே கழுகுச் சின்னமும் ஜேர்மன் விமானப்படையின் பெயரும் வெட்டப்பட்டிருந்தன. "யுத்தகாலத்துப் பொருள், ஐயா, இனிக் கிடையாது" என்றாராம் விற்றவர். அவ்வலங்காரத்தைக் கண்டதும் எமக்கு ஐயமே எழுந்தது.

ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரிலுள்ள லைட்ஸ் தொழிற்சாலை 1925ஆம் ஆண்டிலே லைக்காவைச் சந்தைக்கு அனுப்பியது. தூரமானி இணைந்த மாதிரி 1932இல் வந்தது. அதனைப் பார்த்து, உக்ரேனின் கார்கோவ் நகரில் அநாதைச் சிறுவர் தொழில் பயின்ற விடுதியொன்று 1934 முதல் 'ஃபெட்' எனும் கமராவைச் செய்யலாயிற்று. மொஸ்கோவுக்கு அண்மையில் 1948 முதல் 'ஸொர்க்கி' பிறந்தது. தம் பெயரிலேயே விலைப்பட்ட இவை நல்ல கருவிகள், இவற்றிலே குற்றமில்லை. பின்னாளிற் சிலர் அப்பெயர்களைச் சுரண்டியெடுத்து, லைக்கா என வெட்டி, கழுகையும் 1936 பெர்லின் ஒலிம்பிக் சின்னத்தையும் பொறித்து உலகெங்கும் விற்றனர். விமானப்படைக்கென லைட்ஸ் செய்த மெய்யான லைக்காக்களும் உண்டுதான். ஆயினும் அலங்காரம் மிகுந்ததையே முதலிற் சந்தேகித்தல் வேண்டும் என்பது எமது கட்சி.

தொடரிலக்கத்தைப் பார்த்தோம். லைட்ஸ் கமராக்களின் இலக்கப் பட்டியல்கள் அச்சில் உள்ளன. இலக்கத்தைக் கொண்டு ஆண்டையும் மாதிரியையும் அறியலாம். நண்பரின் இலக்கமோ தூரமானி இல்லாத முதல் மாதிரிக்கு உரியது. கமராவிலோ தூரமானி இருந்தது! எனினும் பழைய கமராக்களை லைட்ஸ் நிறுவனமே புதிய மாதிரியாக மாற்றிக் கொடுத்ததுண்டு. ஆகையால் இலக்கத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது.

வில்லையை மெல்லத் திருகிக் கழற்றினோம். உள்ளே, மேற்புறத்தில், தூரமானியை இயக்கும் சிறு கை தெரியும். லைக்காவாயின் அதன் நுனியிலே உருளும் சிறு சில்லொன்று இருக்கும். ஃபெட்டிலும் ஸொர்க்கியிலும் உருளாத ஆப்புப் போன்ற துண்டே இருக்கும். வெளியே தெரியாத உறுப்பாதலின், பெயரை மாற்றுவோர் இதனைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

நண்பரின் கமராவில் இருந்தது ஆப்பு. அவர் அதனை நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

மறுநாட் கடைக்குச் சென்றார். அவர் பெற்ற சிட்டையிலே 'பழைய கமரா – 1' என்று மட்டுமே எழுதியிருந்தது, பணம் மீளவில்லை. வாங்கும் வாசகர்கள் மாதிரியின் பெயரையும் தொடரிலக்கத்தையும் சிட்டையில் எழுதுவித்துக்கொள்வார்களாக. காசைக் கொடுக்குமுன், கடைக்காரர் முன்னிலையிலேயே வில்லையைக் கழற்றிப் பார்ப்பதற்கும் வெட்கப்பட வேண்டாம்.

சென்ற வாரம் நண்பர் மீண்டும் வந்தார். பேர்த்தியின் பிறந்தநாளை அதே கமராவில் எடுத்திருந்தார். படங்கள் தெளிவாகவே இருந்தன.