முகம் படித்தவரும் மண் படித்தவரும்

பிள்ளையை இழந்த தாய் அழவில்லை. எனவே அவளே கொன்றிருப்பாள்! இப்படி ஒரு நாடே சொல்லிற்று.

ஆத்திரேலியாவின் நடுப்பாலையில் உலூரு என்னும் செம்பாறை நிற்கின்றது. அந்நிலத்துத் தொல்குடியினர் வழிவழி வழங்கிய அப்பெயரை மறைத்து, ஏயர்சு என்னும் தம் ஆட்சியாளர் ஒருவரின் பெயரை அதன்மேல் ஏற்றினர் வெள்ளையர். (பெயரழிப்பு நமக்குப் புதிதன்று.) 1980 ஆகசுட்டு 17ஆம் நாள் இரவு, அப்பாறையருகே கூடாரமிட்டுத் தங்கியிருந்த இலிண்டி சேம்பர்லின் என்னும் அம்மையாரின் ஒன்பது கிழமைக் குழந்தை அசாரியா காணாமற் போயிற்று. 'திங்கோ' என்னும் காட்டுநாய் கவ்விச் சென்றதென்று தாய் கதறினார். தொல்குடித் தடங்காண்போர் மணலைப் பார்த்தனர். நாயின் அடிச்சுவட்டைத் தொடர்ந்தனர். அது தன் சுமையைக் கீழே வைத்து எடுத்த இடத்தையும் கண்டனர். 1981 பிப்பிரவரியில் முதல் இறப்பு உசாவலை நடத்திய பாரிட்டு என்னும் நடுவரும், காட்டுநாயே குழந்தையைக் கொண்டு சென்றதென்று முடிவு கூறினார்.

காவல்துறைக்கு அது போதவில்லை. ஏன்? அத்தாய் தொலைக்காட்சியின்முன் குரல் தடுமாறாமற் பேசினார். நன்றாக உடுத்தி வந்தார். கணவரோ பலரும் அறியாத சிறு கிறித்தவப் பிரிவொன்றின் ஆயர். அசாரியா என்னும் பெயருக்குப் 'பாலையிற் கொடுத்த காவு' என்பது பொருளென்று கதை கட்டினர். இறைவன் துணைசெய்தான் என்பதன்றோ அதன் பொருள்! ஒரு சொல்லின் பொருளை அகரமுதலியிற் பார்க்கச் சோம்பியோர், ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தே அவள் உள்ளத்தைப் படித்துவிட்டனராம்!

அழுதால் நடிப்பு, அழாவிடின் கல்நெஞ்சு. இவ்விரண்டிற்கும் நடுவே குற்றமற்றவள் நிற்பதற்கு இடம் ஏது?

முடிவு முந்திக்கொண்டால் சான்று அதன்பின்னே வாலாட்டிக்கொண்டு வரும். உந்துவண்டியினுள் குழவிக் குருதி தெறித்துள்ளதென்று ஆய்வாளர் கூறினர். அறங்கூறாயத்தார் நம்பினர். 1982 அக்தோபர் 29ஆம் நாள் தார்வின் நகர மன்றில் அம்மையாருக்கு வாழ்நாட் சிறை தீர்க்கப்பட்டது. அடுத்த மாதம் அவர் பெற்ற பெண்மகவைப் பிறந்தவுடனே அவரிடமிருந்து பிரித்தனர். தடங்காண்போரின் சொல்லோ எடையற்றுக் கிடந்தது. எழுத்தறியாத கறுப்பர் மண்ணைப் படித்ததற்கு மதிப்பில்லை. பட்டம் பெற்ற வெள்ளையர் முகத்தைப் படித்ததற்கு மதிப்புண்டு!

1986 பிப்பிரவரியில், பாறையினின்று வீழ்ந்து இறந்த வேறொருவரைத் தேடியபோது, காட்டுநாய் வளைகள் உள்ள இடத்தில் குழந்தையின் மேற்சட்டை கிடைத்தது. இலிண்டி விடுவிக்கப்பட்டார். மார்லிங்கு என்னும் நடுவரின் ஆய்வாயம் அனைத்தையும் புரட்டிப் பார்த்தது. தெறித்த குருதி என்றது, வண்டித் தொழிற்சாலையில் ஒலிதணிக்கத் தெளித்த கீல்கலவையே! 1988 செபுதம்பரில் தீர்ப்பு நீக்கப்பட்டது. காட்டுநாயே கொன்றதென்று இறப்பு உசாவல் மன்றம் எழுதியதோ 2012 சூன் 12ஆம் நாள். முப்பத்திரண்டு ஆண்டுகள்!

தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எட்டென வகுத்து, அழுகை ஒன்றிற்கே இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் கூறினார். கண்ணீருக்கே நான்கு ஊற்றென்றால், கண்ணீர் வாராமைக்கு எத்துணையோ! முகங்கண்டு பொய்யறியும் திறம்பற்றிய இருநூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் கணக்கிட்டனர். நூற்றுக்கு 54 முறையே மாந்தர் சரியாகக் கூறினர். காவலர் முதலிய வல்லுநரும் பிறரினும் மேம்படவில்லை. காசைச் சுண்டினாலே ஐம்பது கிடைக்குமே! முப்பதாண்டு மாணவர்முன் நின்ற யானும், தலைகுனிந்தவனைக் கள்வனென்று கருதி நாணியதுண்டு.

கடல்கடந்த கதை என்று இதைத் தள்ள வேண்டா. 1973ஆம் ஆண்டுக் குற்றவழக்கு நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு, சான்றுரைப்பவர் கூண்டில் நின்ற பாங்குபற்றித் தமக்கு முதன்மையாகத் தோன்றுவதை நடுவர் எழுதிவைக்கப் பணித்தது. 2024 சூலையில் வடமொழிப் பெயர் சுமந்து வந்த புதுச்சட்டத்திலும் அவ்வேற்பாடு தொடர்கின்றது. சிற்றூரினின்று முதன்முறை மன்றம் ஏறும் உழவனின் நடுக்கத்தை அச்சமென்று எழுதுவரோ, பொய்யென்று எழுதுவரோ? அப்பிரிவை நீக்க வேண்டும் என்பதே எம் கருத்து. நீக்க மனமில்லையாயின், எழுதிய குறிப்பை அவ்வுழவனுக்கே தமிழிற் படித்துக்காட்டி, அவன் கூறும் மறுமொழியையும் அதனருகே எழுதுக.