9 ஓட்டில் வெற்றி! 66 ஓட்டில் தோல்வி!
கார்ன்வால் ஜில்லாவின் தேர்தல் கதை

இங்கிலாந்து நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தென்மேற்கு மூலையில், கடலுக்குள் காலை நீட்டியது போல ஒரு நிலம் தெரியும். அதுதான் கார்ன்வால் ஜில்லா. மூன்று பக்கம் கடல். நாலாவது பக்கம் தேமர் என்ற ஆறு.

ஜனத்தொகை சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம். லண்டன் பார்லிமெண்டுக்கு இந்த ஜில்லா 6 மெம்பர்களை அனுப்புகிறது.

2019-ம் ஆண்டுத் தேர்தலில் 6 இடங்களையும் கன்சர்வேடிவ் கட்சி பிடித்தது. 2024-ம் ஆண்டு ஜூலையில் நடந்த தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் இடம் கூடக் கிடைக்கவில்லை. தொழிற்கட்சிக்கு 4. லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 2.

தோசையைத் திருப்பிப் போட்டது போல ஆகிவிட்டது!

இது முதல் தடவை அல்ல. 2005-ல் அங்கே 5 தொகுதிகள் இருந்தன. ஐந்திலும் லிபரல் டெமாக்ரட் கட்சி ஜெயித்தது. பத்தே ஆண்டு கழித்து, 2015-ல், ஆறு தொகுதிகளிலும் கன்சர்வேடிவ் கட்சி ஜெயித்தது. லிபரல் டெமாக்ரட் கட்சிக்குப் பூஜ்யம்.

அப்படியானால் கார்ன்வால் மக்கள் எல்லோரும் ஒரே நாளில் மனம் மாறி விடுகிறார்களா? இல்லை. 2005-லும் சரி, 2015-லும் சரி, எல்லா இடங்களையும் பிடித்த கட்சிக்கு ஜில்லாவில் பாதி ஓட்டுக் கூட விழவில்லை. யாருக்கு அதிக ஓட்டோ அவரே மெம்பர் என்பதுதான் அங்கே சட்டம். நாலு பேர் போட்டியிட்டு ஓட்டுப் பிரிந்தால், பாதிக்கு வெகு குறைவாக வாங்கியவர் கூட ஜெயித்து விடலாம். நூற்றில் பத்துப் பேர் மனம் மாறினால் போதும். ஜில்லாவே நிறம் மாறிவிடும்.

44 மெம்பர்கள்!

இன்று 6 மெம்பர்கள் இருக்கும் இந்த ஜில்லாவில் ஒரு காலத்தில் 44 மெம்பர்கள் இருந்தார்கள் என்றால் நம்ப முடியுமா? உண்மைதான். ஸ்காட்லாந்து தேசம் முழுவதுக்கும் 1707-க்குப் பிறகு கிடைத்தது 45 இடம். இந்த ஒரு ஜில்லாவுக்கு 44!

16-ம் நூற்றாண்டில் ஆண்ட டியூடர் வம்சத்தார் கார்ன்வாலில் பல சிற்றூர்களுக்கு மெம்பர் அனுப்பும் உரிமையை அள்ளிக் கொடுத்தார்கள். கார்ன்வாலில் அரச குடும்பத்துக்கு நிலமும் செல்வாக்கும் உண்டு. வேண்டியவர்களை எளிதில் ஜெயிக்க வைக்கலாம் என்பது கணக்கு. 21 ஊர்களுக்கு ஊருக்கு இருவர் என்று 42 பேர். ஜில்லாவுக்குப் பொதுவாக 2 பேர். ஆக 44.

மீன் பிடிக்கும் குப்பத்துக்கு 2 மெம்பர். நூல் ஆலைகள் பெருகிய மான்செஸ்டர் நகரத்துக்கு 1832 வரை ஒரு மெம்பரும் கிடையாது. இதைவிட அநியாயம் வேறு உண்டா?

ஓட்டுரிமை ஊரில் ஒரு சிலருக்குத்தான். அதுவும் ரகசிய ஓட்டு அல்ல. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பண்ணையார் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு எதிராக யார் வாய் திறப்பார்கள்?

சென்னை கவர்னரின் வைரம்

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

தாமஸ் பிட் என்பவர் 1698 முதல் 1709 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தார். அப்போது 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை ஒரு வியாபாரியிடமிருந்து வாங்கினார். அதைப் பட்டை தீட்டி, 1717-ல் பிரான்சு நாட்டை ஆண்டுவந்த ஆர்லியன்ஸ் கோமகனுக்கு விற்றார். விலை சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் பவுன்! அந்த வைரம் இப்போது பாரிஸ் நகர லூவர் காட்சி சாலையின் சேகரிப்பைச் சேர்ந்தது.

அதே ஆண்டில் பிட் கார்ன்வாலில் பொக்கானக் என்ற பெரிய பண்ணையை விலைக்கு வாங்கினார். நிலத்தோடு செல்வாக்கும் வந்தது.

அவருடைய பேரன் பெயரும் தாமஸ் பிட். 1741 தேர்தலில் கார்ன்வால் வேலைகளை இளவரசர் பிரடெரிக்குக்காக இவர்தான் கவனித்தார். இளவரசருக்கும் பிரதம மந்திரி வால்போலுக்கும் ஆகாது. கார்ன்வாலின் 44 இடங்களில் பெரும்பகுதி வால்போலுக்கு எதிராகப் போயிற்று. 20 ஆண்டுகள் அசைக்க முடியாமல் இருந்த வால்போல், 1742 பிப்ரவரியில் பதவியை விட்டு இறங்கினார்.

கிருஷ்ணா நதிக்கரைப் பக்கம் பூமியில் கிடைத்த ஒரு கல், இங்கிலாந்து பிரதம மந்திரியின் நாற்காலிவரை போயிற்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஜெயிலுக்குப் போன பிரபு

கிராம்பவுண்ட் என்று ஓர் ஊர். ஓட்டுக்கு விலை பேசுவதில் பேர் போன ஊர். சர் மனாசே லோப்ஸ் என்ற பணக்காரர் இங்கும், பக்கத்து ஜில்லாவில் பார்ன்ஸ்டபிள் என்ற ஊரிலும் லஞ்சம் கொடுத்து மாட்டிக்கொண்டார். 1819-ல் அவருக்கு 2 ஆண்டு சிறைவாசமும் 10 ஆயிரம் பவுன் அபராதமும் கிடைத்தன.

ஊருக்கும் தண்டனை உண்டு. 1821-ல் கிராம்பவுண்டின் 2 இடங்களும் பறிக்கப்பட்டு யார்க்ஷயர் ஜில்லாவுக்குக் கொடுக்கப்பட்டன.

1832-ல் பெரிய தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. மீதி இருந்த 42 இடம் 14 ஆகக் குறைந்தது. 1885-ல் 7. 1918-ல் 5. நடுவில் 1872-ல் ரகசிய ஓட்டு வந்தது. 1928-ல் ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் ஓட்டு வந்தது.

பிரசங்கமும் ஓட்டும்

கார்ன்வாலில் பழைய தொழில்கள் இரண்டு. ஒன்று மீன் பிடிப்பது. மற்றொன்று வெள்ளீயச் சுரங்கம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிறோமே, அதே வெள்ளீயம்தான். சுரங்கத் தொழிலாளர்களிடையே ஜான் வெஸ்லி என்ற பாதிரியார் பிரசங்கம் செய்தார். ரெட்ரூத் ஊருக்கு அருகில் ஒரு பெரிய பள்ளத்தில் நின்று 1762 முதல் 1789 வரை 18 தடவை பேசினார். அவருடைய மெதடிஸ்டு சபை ஊர் ஊராக வேர்விட்டது.

இந்தச் சபைக்காரர்களுக்கு அரசாங்கத் திருச்சபையும் பிடிக்காது, அதை ஆதரித்த பண்ணையார் கட்சியும் பிடிக்காது. எனவே லிபரல் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். நாட்டின் மற்றப் பகுதிகளில் லிபரல் கட்சி நொறுங்கிப் போன காலத்திலும் கார்ன்வாலில் அது உயிரோடு இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1929 தேர்தலில் 5 இடங்களிலும் லிபரல் கட்சி ஜெயித்தது. பாட்மின் தொகுதியில் ஜெயித்த ஐசக் பூட், இந்தியாவைப் பற்றிய வட்டமேஜை மகாநாட்டில் கலந்துகொண்டவர். அவருடைய மகன் மைக்கேல் பூட் பிற்காலத்தில் தொழிற்கட்சியின் தலைவரானார்.

செயின்ட் ஐவ்ஸ் தொகுதியில் ஒரு சுவையான சம்பவம். 1928 உபதேர்தலில் ஹில்டா ரன்சிமன் என்ற அம்மையார் ஜெயித்தார். அவருடைய கணவர் வால்டர் ரன்சிமன் ஏற்கெனவே வேறு தொகுதி மெம்பர். கணவனும் மனைவியுமாக ஒரே சபையில் உட்கார்ந்தார்கள்! அடுத்த ஆண்டு பொதுத் தேர்தலில் அம்மையார் அந்தத் தொகுதியைக் கணவருக்கு விட்டுக் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொரு ஓட்டும்

1950 தேர்தலில் லிபரல் கட்சிக்குக் கார்ன்வாலில் ஓர் இடமும் இல்லை. 1964-ல் மறுபடி தலை தூக்கியது.

1974-ல் இரண்டு பொதுத் தேர்தல். பிப்ரவரியில் பாட்மின் தொகுதியில் லிபரல் வேட்பாளர் பால் டைலர் ஜெயித்தார். எத்தனை ஓட்டு வித்தியாசம் தெரியுமா? 9 ஓட்டு! ஒரு வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்குக் காணாது. அக்டோபரில் அதே தொகுதியில் அவர் தோற்றுப் போனார்.

ஒலிம்பிக் ஓட்ட வீரர் செபாஸ்டியன் கோவைப் பலருக்குத் தெரியும். 1980-லும் 1984-லும் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். அவர் 1992-ல் கன்சர்வேடிவ் கட்சி சார்பில் பால்மத்-காம்போர்ன் தொகுதியில் ஜெயித்தார். 1997-ல் தொழிற்கட்சியின் பெண் வேட்பாளரிடம் தோற்றார். ஓட்டப் பந்தயம் வேறு, ஓட்டுப் பந்தயம் வேறு!

2010-ல் காம்போர்ன்-ரெட்ரூத் தொகுதியில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் ஜூலியா கோல்ட்ஸ்வர்தி 66 ஓட்டில் தோற்றார். 2017-ல் செயின்ட் ஐவ்ஸ் தொகுதியில் அதே கட்சியின் ஆண்ட்ரூ ஜார்ஜ் 312 ஓட்டில் தோற்றார். அவர் விடவில்லை. 2019-ல் மறுபடி நின்று மறுபடி தோற்றார். 2024-ல் ஜெயித்தே விட்டார்.

ஆற்றைத் தாண்டாதே!

கார்ன்வால்காரர்களுக்குத் தனி மொழி உண்டு. தனிக் கொடி உண்டு. அவர்களைத் தனிச் சிறுபான்மை இனமாக 2014 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசாங்கமே ஒப்புக்கொண்டது.

இப்படிப்பட்டவர்களிடம், “உங்கள் தொகுதி ஒன்றைப் பக்கத்து டெவன் ஜில்லாவோடு சேர்க்கிறோம்” என்றால் சும்மா இருப்பார்களா?

2010-ல் அந்தப் பேச்சு வந்தது. பார்லிமெண்டு மெம்பர்களை 650-லிருந்து 600 ஆகக் குறைப்பது, தொகுதிகளில் ஓட்டர் எண்ணிக்கையை ஏறக்குறைய சமமாக்குவது என்று அரசாங்கம் திட்டமிட்டது. கணக்குப் போட்டால் கார்ன்வாலுக்கு ஐந்துக்கு மேல், ஆறுக்குக் கீழ் என்று வந்தது. மீதியை ஆற்றுக்கு அக்கரையோடு ஒட்டவைக்க வேண்டும். ஜனங்கள் கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். பிரதம மந்திரி டேவிட் கேமரன், “இது தேமர் ஆறுதானே, அமேசான் அல்லவே” என்று சொல்லி மேலும் கோபத்தைக் கிளப்பினார்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு தொகுதியில் 60 ஆயிரம் ஓட்டர், இன்னொன்றில் 90 ஆயிரம் என்றால், ஓர் ஓட்டின் மதிப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. 44 மெம்பர் வைத்திருந்த ஜில்லா இதை மறக்கக் கூடாது. ஆனால் ஜனங்கள் வெறும் எண்ணிக்கை அல்ல. தங்கள் மெம்பர் தங்கள் ஊர்க் கஷ்டத்தைப் பேச வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் தவறு என்ன?

2013-ல் திட்டம் தள்ளிப் போயிற்று. 2018-ல் திரும்பவும் வந்து, நிறைவேறாமல் போயிற்று. 2020-ல் 650 மெம்பர்களே இருக்கட்டும் என்று சட்டம் வந்தது. ஒரு தொகுதிக்கு 69,724 முதல் 77,062 ஓட்டர் வரை இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். கார்ன்வாலுக்குச் சரியாக 6 தொகுதி கிடைத்தது. ஆற்றைத் தாண்டவில்லை.

வீடு எங்கே?

தொகுதி தப்பியது. பிழைப்பு?

1998-ல் கடைசி வெள்ளீயச் சுரங்கமும் மூடப்பட்டது. கூலி குறைவு. ஐரோப்பிய யூனியன் நிறையப் பணம் கொடுத்தது. அப்படியும் 2016-ல் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் நூற்றுக்கு 56 பேருக்கு மேல் யூனியனை விட்டு விலக வேண்டும் என்றே ஓட்டுப் போட்டார்கள்.

கடற்கரை அழகைப் பார்த்து வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறை வீடுகளை வாங்கிக் குவிக்கிறார்கள். விலை ஏறுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு இல்லை. செயின்ட் ஐவ்ஸ் ஊர் மக்கள் 2016-ல் தனியாக ஓட்டெடுத்து, புதிதாகக் கட்டும் வீடுகளை விடுமுறை வீடாக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். 2025 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடு வைத்திருப்போருக்கு வீட்டுவரியை ஜில்லா கவுன்சில் இரட்டிப்பாக்கியது.

ஆண்ட கட்சி மீதிருந்த இந்தக் கோபமும் சேர்ந்துதான் 2024 தேர்தலில் வெளிப்பட்டது. அதற்கு முன்பு தொழிற்கட்சி கார்ன்வாலில் ஒரு தேர்தலில் ஓர் இடத்துக்கு மேல் ஜெயித்ததே இல்லை. இப்போது 4 இடம். ஜெயித்தவர்களில் சிலர் பார்லிமெண்டில் கார்ன்வால் மொழியிலும் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

பத்து மாதம் சென்றது. 2025 மே மாதம் ஜில்லா கவுன்சில் தேர்தல் வந்தது. மொத்தம் 87 இடம். சீர்திருத்தக் கட்சி என்ற புதிய கட்சி 28 இடங்களைப் பிடித்து முதலில் வந்தது. லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 26. சுயேச்சைகள் 16. கன்சர்வேடிவ் கட்சிக்கு 7.

4 பார்லிமெண்டு மெம்பர்களை வைத்திருந்த தொழிற்கட்சிக்குக் கவுன்சிலில் கிடைத்ததும் அதே 4 தான். அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்டு மாதத்துக்குள் நடந்தாக வேண்டும்.